ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்

"வண்டி எத்தனை பேருக்கு மேடம்?" என்று ஷோரூம்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

அதற்கு முன் என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. போகிற வீடுகளில் எல்லாம் எனக்கு டார்ச் என்றுதான் பெயர். அண்ணன் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். மெஷினைச் சாய்த்து அடியில் தலையை விட்டுக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டுவான். அந்தக் கையில் எந்த ஸ்பானரை வைக்க வேண்டும், வெளிச்சத்தை எந்த மூலையில் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் சொல்லாமலே எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னபோது குரல் வராமல் நின்றவள், மறுநாள் வயிற்றுவலி என்று படுத்தேன். அப்புறம் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. "சும்மா கெடக்கறதுக்கு எங்கூட வந்து லைட்டாவது பிடி" என்று அண்ணன்தான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டான். அன்றிலிருந்து அந்த ஸ்கூட்டரின் பின்சீட் என்னுடையது. அண்ணி வரும்வரைக்கும்.

ஷோரூம்காரருக்குப் பதில் என் வாயில் தயாராகத்தான் இருந்தது. ரெண்டு பேருக்கு. ஆனால் என் வாயில் தயாராக இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடாது. அதற்குள் அண்ணி தண்ணீர் குடித்த காகிதக் கப்பைக் கசக்கிப் போட்டுவிட்டு வந்து, "வீட்ல நாலு பேர். அஞ்சு பேர் உட்கார்ற மாதிரி காட்டுங்க சார். விலை மட்டும் ரெண்டு பேருக்குப் போடுங்க" என்றாள். அவர் சிரித்தார். அண்ணன் சிரித்தான். பக்கத்து மேஜையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர்கூட பேனாவை நிறுத்திச் சிரித்தார்.

அதுதான் அண்ணி. நான் வருஷக் கணக்கில் போய்வந்த வீடுகளில் என்னைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் ஒரே ஒரு தடவை போய் அந்த வீட்டுப் பெண்ணின் பரீட்சை, மாமியாரின் முழங்கால், மேல்மாடியில் குடியிருப்பவரின் நாய்த் தொல்லை எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வந்தாள். அடுத்த முறை அந்த வீட்டம்மா போனில், "வரும்போது உங்க மிஸஸையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவள் முன்பு ஒரு போன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலையில் இருந்தாள். திட்டுகிறவர்களிடம் தேனாகப் பேசுவதற்குச் சம்பளம். அந்த வேலை முடிந்துபோனதும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அண்ணனுக்கு வரும் அழைப்புகளை எடுக்க ஆரம்பித்தாள். பிறகு அவனோடு போகவும் ஆரம்பித்தாள். ஸ்கூட்டரில் பின்சீட் ஒன்றுதானே. காலையில் நான், மதியத்துக்கு மேல் அவள் என்று அண்ணன் பிரித்துக் கொடுத்தான். கொஞ்ச நாளில் காலையும் தேய ஆரம்பித்தது. என் ஹெல்மெட்டை எடுத்துப் போட்டால் வாரை அவளுடைய தாடைக்கு இறுக்கி வைத்திருப்பாள். உள்ளே அவளுடைய தலை எண்ணெய் வாசனை. அந்த வாசனையோடு ஊரெல்லாம் சுற்ற வேண்டும்.

கார் வாங்கும் யோசனை மழையில் வந்தது. ரிப்பேருக்கு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய மெஷின் என்றால் லோடு வண்டியைக் கூப்பிடுவோம். லோடு வண்டிக்காரர் மழை என்றால் வரமாட்டார், வெயில் என்றால் வாடகையை ஏற்றுவார். ஒரு நாள் அண்ணன் நனைந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிடலாம் என்றான். பழைய கார் வாங்கினால் பாதி விலையில் முடியும் என்று அம்மா சொன்னாள். "நாள் பூரா அடுத்தவங்களோட பழசைத்தான் திறந்து பார்க்கறேன்மா. சொந்தத்துல ஒண்ணாவது புதுசா இருக்கட்டும்" என்றான். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர்களின் படுக்கை விரிப்பை மடிக்கிற அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும். அதன்பிறகு பழசு என்ற பேச்சே எடுக்கவில்லை.

புதுசு, ஆனால் மலிவு. இந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு ஊரிலுள்ள ஷோரூம் எல்லாம் ஏறி இறங்கினோம். மைலேஜ், இன்ஜின் பற்றியெல்லாம் அண்ணன் கடைசியில்தான் கேட்பான். முதலில் அட்டைப்பெட்டியை எடுப்பான். வாஷிங் மெஷின் வந்த காலி அட்டைப்பெட்டி அது. வண்டியின் பின்கதவைத் திறக்கச் சொல்லி, பின்சீட்டை மடக்கச் சொல்லி, பெட்டியை உள்ளே தள்ளிப் பார்ப்போம். நுழைந்தால் மேற்கொண்டு பேச்சு. நுழையாவிட்டால் நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியோடு வெளியே. ஓரிடத்தில் காவலாளி எங்களை நிறுத்தி, டெலிவரி எல்லாம் பின்வாசல் வழியாகத்தான் என்று அனுப்பிவிட்டார். பின்வாசலில் இருந்த பையன்கள் பெட்டியை வாங்கி வைக்க இடம் ஒதுக்கிக்கூடக் கொடுத்தார்கள்.

எனக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு பிரியம் இருந்தது. அதை ஸ்கூட்டரில் கொண்டுபோக வேண்டுமென்றால் பின்னால் ஓர் ஆள் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் கைகள் நீளம். அதனால் நானும் அண்ணனும் ஸ்கூட்டரில், அண்ணி பஸ்ஸில். முகத்தை அட்டையில் அழுத்திக்கொண்டு, வழியில் ஒன்றுமே தெரியாமல் போனாலும் எனக்கு அது சுகமாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அண்ணியை ஸ்கூட்டர் தாண்டும்போது பெட்டிக்கு ஓரமாகத் தலையை நீட்டி அவளைப் பார்ப்பேன். அவள் கையசைப்பாள். நான் அசைக்க மாட்டேன். பெட்டியைப் பிடித்திருக்கிறேனே.

இரண்டாவது வாரம் அவள், "இன்னிக்கு நான் பெட்டி பிடிச்சுக்கறேன். நீ பாவம், வெயில்ல பஸ்ல வா" என்றாள். பஸ்ஸில் வெயில் கிடையாது. பெட்டிக்கு நாலு பக்கமும் ஒரு கயிற்றைச் சுற்றி, கை கோர்த்துக்கொள்ள இரண்டு பிடி போட்டு வைத்திருந்தாள். நீளக் கை வேண்டியதே இல்லை. அண்ணன் அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்து, "இது நமக்கு இத்தனை நாள் தோணலையே" என்றான். நமக்கு என்றான். அதற்குத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போய்ச் சேர்ந்தபோது ஷோரூமுக்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஒரு சின்ன சிவப்புக் காரின் பின்கதவு திறந்திருக்க, உள்ளே எங்கள் அட்டைப்பெட்டி அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. போர்டில் போட்ட விலை அண்ணன் மனதில் வைத்திருந்த விலைக்குள் அடங்கியது. வரி, இன்ஷூரன்ஸ், தரைவிரிப்பு என்று அவர்கள் மேஜையில் வைத்து ஏற்றும் விலையைக்கூட அண்ணி பேசிப் பேசி இறக்கியிருந்தாள். தரைவிரிப்பு வேண்டாம், கண்ணாடி பட்டனில் ஏறி இறங்க வேண்டாம், பாட்டுப் பெட்டி வேண்டாம், நாங்களே பாடிக்கொள்வோம் என்றாளாம். விற்கிற பையன் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

பின்சீட்டில் ஒரு பாதியை மடக்கிவிட்டுத்தான் பெட்டி போயிருந்தது. மறுபாதி மடங்காமல் நின்றது. அண்ணி அதில் ஏறி உட்கார்ந்து, பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, "பாரு, மெஷின் இருக்கும்போதும் இங்க ஒரு ஆள் வரலாம்" என்றாள்.

யார் அந்த ஓர் ஆள் என்று எனக்குத் தெரியாதா. முன்னால் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். பின்னால் மெஷினோடு மெஷினாக நான். பெட்டி சாயாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமல்லவா.

அண்ணன் என் பக்கம் திரும்பி, என்ன டார்ச்சு, முடிச்சிடலாமா என்று கேட்டான். அவன் கேட்டது பேச்சுக்குத்தான். எப்போதும் தலையாட்டுகிறவள், இப்போதும் தலையாட்டுவாள் என்றுதான் நினைத்திருப்பான்.

"காலிப் பெட்டி போகும்ணா," என்றேன். "மெஷின் போகாது. கதவுக்குக் கீழ எவ்வளவு உயரமா விளிம்பு இருக்கு பாரு. அதுக்கு மேல தூக்கி, அப்புறம் உள்ள பள்ளத்துல எறக்கணும். நம்ம ரெண்டு பேரால முடியாது."

என் குரலைக் கேட்டு நானே பயந்துபோனேன். அண்ணன் குனிந்து அந்த விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தான். நான் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மையாக இருக்கிறதே என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. சிவப்புக் காரில் ஐந்து சீட் இருந்தது. அதனால் சொன்னேன்.

விற்கிற பையன் வியாபாரம் கைநழுவக் கூடாதே என்று எங்களை ஷோரூமின் பின்பக்கம் கூட்டிப்போனான். அங்கே ஒரு வெள்ளை வேன் நின்றது. நல்ல வெளிச்சத்தில் வைக்க லாயக்கில்லை என்று அவர்களே ஓரங்கட்டிய வண்டி. சிவப்புக் காரைவிட விலை குறைவு. தரை தட்டையாக, கதவு அகலமாக, மெஷினைத் தரையிலிருந்து நேராக உள்ளே உருட்டிவிடலாம் போல இருந்தது. முன்னால் இரண்டு சீட். பின்னால் வெறும் தகரம். அவ்வளவுதான். "இதுல ஏசி கிடையாது சார். ரெண்டு சீட்தான். ஆனா புதுசுல இதைவிட மலிவா உங்களுக்கு யாரும் தரமாட்டாங்க" என்றான்.

அண்ணன் பெட்டியை ஒரே தள்ளாகத் தள்ளினான். அது போய் முன்சீட்டின் முதுகில் முட்டி நின்றது. இன்னொரு பெட்டிக்கும் இடம் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததுமே முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அண்ணி இரண்டு சீட்டையும் எட்டிப் பார்த்தாள். "அத்தை எங்கயாவது போகணும்னா?" என்று கேட்டாள். அம்மாவுக்குத்தான் ஆஸ்பத்திரி பஸ் வருகிறதே என்றான் அண்ணன். அதற்குமேல் அவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குள் யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. வேலைக்குப் போகிற வண்டி. அதில் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார, கூட வேலை பார்க்கிறவளைத் தவிர யாருக்கு உரிமை?

திரும்பும்போது பெட்டியை நான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னேன். ஆனால் இனி அது எதற்கு என்று அண்ணன் அதை ஷோரூமிலேயே விட்டுவிட்டு, வேறு ஒரு வேலைக்கு நேராகப் போய்விட்டான். நானும் அண்ணியும் ஒன்றாக பஸ்ஸில் வந்தோம். ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்தாள். பாதி வழியில், "அந்தச் சிவப்புல மூணு பேரும் ஒண்ணா போகலாம்னு நெனச்சேன்" என்றாள். "பின்னாடி நான் உட்கார்ந்துக்கறேன், முன்னாடி நீ உட்காருன்னு சொல்லத்தான் ஏறிப் பார்த்தேன். எனக்குத்தான் கால் குட்டையாச்சே, மடக்கிக்குவேன்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் சொன்னது பொய்யாக இருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பொய் என்று அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அது பொய்யில்லை என்று தோன்றியதும் பொறாமை இன்னும் ஒரு பங்கு ஏறியது. பேசுவதில்தான் முந்திக்கொள்கிறாள் என்று பார்த்தால், நல்லவளாக இருப்பதிலும் இவளே முந்திக்கொள்ள வேண்டுமா.

வண்டி எடுக்கும் நாளன்று ஷோரூமில் வெள்ளை வேனுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். ஜோடியாக நில்லுங்க என்றான் அந்தப் பையன். அண்ணனும் அண்ணியும் சாவியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டார்கள். அம்மா பக்கத்தில் நின்றாள். நான் எல்லாருடைய செருப்பையும் கைப்பைகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அண்ணி கூப்பிட்டு என்னையும் நிற்க வைத்தாள். அந்தப் படத்தில் சாவியின் பல் என் முகத்தை மறைக்கிறது.

ஸ்கூட்டரை அங்கேயே மாற்றுக்குக் கொடுத்துவிட்டோம். வேனை ஷோரூம் டிரைவர் ஓட்டிவந்தார், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். நம்பர் வரும்வரை வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லி எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். அதனால் அந்த சீட்டில் யார் முதலில் உட்கார்ந்து போவது என்பது முடிவாகாமலே இருந்தது. அண்ணன் பழையபடி ஒரு கையில் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போனான். வேன் வாசலில் நின்றது.

நின்ற வண்டியில்தான் எங்கள் சண்டை நடந்தது. அதைச் சண்டை என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். தினமும் காலையில் நான் வண்டியைத் துடைப்பேன். துடைக்கிற சாக்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் கம்பியை இழுத்து, என் காலுக்கு ஏற்றபடி சீட்டைப் பின்னால் தள்ளி வைப்பேன். சாயங்காலம் பார்த்தால் சீட் முன்னால் வந்திருக்கும், அண்ணியின் குட்டைக் காலுக்கு. மறுபடியும் தள்ளுவேன். ஒரு நாள் சீட்டின் மேல் பூப்போட்ட ஒரு சின்ன மெத்தை இருந்தது. அதை எடுத்து மடித்து, மரியாதையாக அவள் அறை வாசலில் வைத்தேன். மறுநாள் அது திரும்பவும் சீட்டில் இருந்தது. இந்த முறை நாலு மூலையிலும் நாடா வைத்துத் தைத்து, சீட்டோடு கட்டியிருந்தாள். பெட்டிக்குக் கயிறு கட்டினவள்தானே.

சாப்பிடும்போது நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டோம். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்பாள். போதும் அண்ணி என்பேன். அண்ணன் தட்டைப் பார்த்துக் குனிந்தே சாப்பிட்டான். வீட்டில் குரல் உயர்ந்தால் தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்கப் போய்விடுகிறவன் அவன். அம்மாவுக்கும் அண்ணிக்கும் எப்போதாவது முட்டிக்கொண்டால் எங்கள் வீட்டுக் குழாய் நன்றாக வேலை செய்யும்.

"எவ உட்காந்தா என்னடி, வண்டி ஓடினா சரி" என்றாள் அம்மா ஒரு நாள், என்னிடம் மட்டும். "ஓட்டறவன் ஓட்டுவான். நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிற?" அம்மாவுக்கு எப்படிச் சொல்வது. அந்த சீட் போனால் எனக்கு வீடும் சமையலறையும்தான். குரல் வராத பெண்ணுக்கு வெளியே யாரும் வேலை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தால் நான் டார்ச். அங்கே இல்லாவிட்டால் நான் யாரும் இல்லை.

நம்பர் வந்தது. மறுநாளே ஒரு வேலை. ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டிலிருந்து மெஷினை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அழைப்பை எடுத்தது அண்ணி.

காலையில் நான் எல்லாருக்கும் முன்னால் எழுந்தேன். மெத்தையின் நாடாவை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பின்னால் தகரத்தின் மேல் போட்டேன். சீட்டைத் தள்ளினேன். டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அண்ணன் வந்தான், என்னைப் பார்த்தான், ஓட்டும் பக்கம் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டான். என் மனசு துள்ளியது.

அப்போது அண்ணி வெளியே வந்தாள். கூந்தலை என்னைப் போலவே தூக்கிக் கட்டியிருந்தாள். தோளில் டூல்ஸ் பை. என் பக்கத்துக் கதவருகே வந்து நின்றாள்.

"கொஞ்சம் எறங்கிக்கோ" என்றாள். "அந்த வீட்டம்மா என்னைத்தான் வரச் சொன்னாங்க."

"மெஷினை யாரு தூக்குவா?"

"நான் தூக்குவேன்."

"உங்களால முடியாது அண்ணி."

"நீ பொறக்கும்போதே மெஷினைத் தூக்கிட்டா வந்த? கத்துக்கிட்டதானே? நானும் கத்துக்கறேன்." அவள் குரலில் இப்போது தேன் இல்லை. "இந்த வண்டிதான் வேணும்னு நீதான் சொன்ன. எனக்கு இதுல இடமில்லன்னு தெரிஞ்சுதான் சொன்ன. எனக்கென்ன புரியாதா? ஒரு வருஷமா நீ என்னைப் பார்க்கற பார்வை எனக்குத் தெரியாதா?"

எனக்குக் காது சூடாகியது. "எனக்கு இதைவிட்டா வேற எடமில்ல அண்ணி. உங்களுக்கு எங்க போனாலும் எடம் குடுப்பாங்க."

"குடுத்தாங்கன்னா நான் ஏன் உன் வீட்டு வாசல்ல நின்னு ஒரு சீட்டுக்குக் கெஞ்சிட்டிருக்கேன்?"

அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் நான் இறங்கவில்லை. கதவின் கைப்பிடியை உள்ளே நான் பிடித்திருந்தேன், வெளியே அவள் பிடித்திருந்தாள். அம்மா சலவைக்கூடத்துக்குக் கிளம்பியவள் படியில் நின்று பார்த்தாள். இருவரும் ஒரே சமயத்தில் அண்ணன் பக்கம் திரும்பினோம்.

"நீயே சொல்லுண்ணா" என்றேன்.

"சொல்லுங்க, யாரு வரணும்?" என்றாள் அண்ணி.

அண்ணன் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன் கண்ணாடியையே பார்த்தான். கண்ணாடியில் ஷோரூமின் ஸ்டிக்கர் இன்னும் உரிக்காமல் இருந்தது. அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். பிறகு கதவைத் திறந்து இறங்கினான். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, அண்ணியின் தோளிலிருந்து டூல்ஸ் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டினான். என்னைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருக்க, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்து தெருமுனையில் திரும்பிவிட்டான்.